கர்ப்ப காலத்தில் பிறப்புறுப்புத் தொற்று: மருந்து சாப்பிட்டால் குறைப்பிரசவ ஆபத்து நீங்கிவிடுமா?

கேள்வி: பட்டர்வொர்த் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பாலத்துக்கு அப்பால், பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இப்போது இரண்டாவது பிள்ளையை 17 வாரமாகச் சுமக்கிறேன். மூத்தவன் 32-ஆவது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்து பிறந்தவன். இன்று நன்றாக ஓடி விளையாடுகிறான் என்றாலும், அந்தப் பிரசவத்தின் அச்சம் என்னை விட்டுப் போகவில்லை.

சில நாட்களாக நீர்த்த, சாம்பல் கலந்த வெள்ளைப்படுதலும் மீன் வாடை போன்ற நாற்றமும் இருந்ததால் அரசாங்க கிளினிக்கில் காட்டினேன். மருத்துவர் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து அனுப்பினார். நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து மற்றவை பெருகிவிட்டன, இதற்கு பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயர் என விளக்கி, மெட்ரோனிடசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை 7 நாட்களுக்குக் கொடுத்திருக்கிறார். மாத்திரை போட்டதும் நாக்கில் இரும்பை நக்கியது போன்ற ஒரு சுவை தங்கிவிடுகிறது. சோறே இறங்க மறுக்கிறது.

மாமியார், மாத்திரையை நிறுத்திவிட்டு வெற்றிலையைக் கொதிக்க வைத்த நீரில் கழுவினால் போதும் என்கிறார். மலாய்க்காரத் தோழிகளும் அதையே சொல்கிறார்கள். மருந்துக் கடையிலும் வெற்றிலைச் சாறு சேர்த்த கழுவுநீர் புட்டி புட்டியாக இருக்கிறது. இதற்கிடையில், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் தங்கை முதல் பிள்ளையை 14 வாரமாகச் சுமக்கிறாள். அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் என் கதையைக் கேட்டுவிட்டு, தானும் பரிசோதனை செய்து, ஏதாவது இருந்தால் இப்போதே மருந்து சாப்பிட்டுவிட வேண்டும் என்று பதறுகிறாள்.

என் முதல் பிரசவம் முந்தியதற்கு இந்தத் தொற்றுதான் காரணமா? இப்போது மருந்து சாப்பிட்டால் இந்தப் பிள்ளைக்கு அந்த ஆபத்து நீங்கிவிடுமா? தங்கைக்கு நான் என்ன சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற தாதி, புக்கிட் மெர்தாஜம்

அன்புள்ள தங்கச்சி, முதலில் அந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் முடித்துவிடுங்கள். நாக்கில் தங்கும் அந்தச் சுவை மெட்ரோனிடசோலின் இயல்பு. மருந்து முடிந்ததும் போய்விடும். வயிறு நிறைந்த பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். கர்ப்பிணிகளுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் மருந்துதான் அது. பிள்ளைக்கு ஊனம் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

வெற்றிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை பார்த்த காலம் முழுவதும் இதே கேள்வியை மூன்று இனத்துப் பெண்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் மாமியார் அக்கறையால்தான் சொல்கிறார். அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் எந்த நீரையும் உள்ளே செலுத்திக் கழுவக் கூடாது. யோனியில் லாக்டோபேசிலஸ் என்னும் நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தின் அமில அளவை (pH; இந்த எண் கூடினால் அமிலம் குறைவு) 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் வைத்திருப்பதால்தான் மற்றவை அங்கே தலைதூக்க முடிவதில்லை. உள்ளே கழுவும் பழக்கமுள்ள பெண்களிடம் இந்தச் சமநிலைக் குலைவு கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். கடைப் புட்டிக்கும் இதுவே பொருந்தும்.

வெள்ளைப்படுகிறது என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை வேறுவேறு. நாற்றமோ அரிப்போ இல்லாமல் பால்போல் வருவது கர்ப்பத்தில் இயல்பானது, மாதம் ஏற ஏற அது கூடவும் செய்யும். தயிர்க்கட்டி போலத் திரண்டு, கடுமையான அரிப்போடு வருவது பூஞ்சைத் தொற்று. கர்ப்பிணிகளுக்கு இது அடிக்கடி வரும், பெரும் தொல்லை கொடுக்கும், ஆனால் குறைப்பிரசவத்துக்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும்படி ஆதாரம் இல்லை. உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையோ களிம்போ அதற்குப் போதும். அதே நோய்க்குக் கடையில் கிடைக்கும் ஃப்ளூகோனசோல் விழுங்கு மாத்திரையைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வருவது பெரும்பாலும் டிரைகோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் வருவது. உடலுறவால் பரவுவதால் கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது இவற்றில் எதுவும் இல்லை.

முதல் பிரசவம் இதனால்தானா என்று கேட்டீர்கள். கீழே இருக்கும் நுண்ணுயிர்கள் சில பெண்களுக்குக் கருப்பை வாயைத் தாண்டி மேலே ஏறிப் பனிக்குடச் சவ்வை எட்டுகின்றன. உடல் அவற்றை எதிர்க்கும்போது உண்டாகும் அழற்சியில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் சுரந்து கருப்பையைச் சுருங்க வைக்கிறது; வேறு சில நொதிகள் சவ்வுக்கு வலுத்தரும் கொலாஜனை அரிக்கின்றன; கருப்பை வாய் இளகுகிறது. வலியே இல்லாமல் பனிக்குடம் உடைவது இப்படியும் நேரலாம். ஆனால் கருப்பை வாய் குட்டையாக இருப்பது, பிள்ளைகள் இரட்டையாக இருப்பது, பனிக்குட நீர் மிகுவது, இரத்தப்போக்கு, புகைபிடித்தல் என்று வேறு காரணங்களும் உண்டு. பல பெண்களுக்குக் காரணமே தெரிவதில்லை. அன்று உங்களிடம் மாதிரி எடுத்துப் பார்க்காமல் இன்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நீங்கள் செய்த எதனாலும் அது நேரவில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

பதில் 2: மருந்தாளர், ஜெலுத்தோங்

வணக்கம். தாதி அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மருந்து ஆபத்தை நீக்கிவிடுமா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் எழுதுகிறேன். இணையத்தில் இதைப் பற்றிப் பரவும் செய்திகளில் பாதி, ‘தொற்றால் குறைப்பிரசவம் வருகிறது, ஆகவே தொற்றைக் கொன்றால் குறைப்பிரசவம் வராது’ என்று ஒரே தாவலில் முடித்துவிடுகின்றன. இந்த முடிவைத்தான் மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தொடர்பு இருப்பது உண்மை. பாக்டீரியல் வஜினோசிஸ் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு, 37 வாரம் நிறைவதற்கு முன் பிரசவமாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அது காணப்பட்டால் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. இருந்தும், அது இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் நிறைமாதத்தில்தான் பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் மருந்து கொடுத்தால்? அமெரிக்காவில், அறிகுறி எதுவும் இல்லாமல் இந்தக் குலைவு மட்டும் இருந்த கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு மெட்ரோனிடசோலும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வந்த முடிவு: குறைப்பிரசவம் மருந்து சாப்பிட்டவர்களில் 12.2 விழுக்காடு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 12.5 விழுக்காடு. நுண்ணுயிர் மறைந்தது, பிரசவ நாள் மாறவில்லை. பிரான்சில் 80,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை 14 வாரத்துக்கு முன்பே பரிசோதித்து, குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு கிளிண்டமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்த பிரேமேவா ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பின்கட்டக் கருச்சிதைவும் மிக முந்திய பிரசவமும் மருந்து எடுத்தவர்களில் 1.2 விழுக்காடு, எடுக்காதவர்களில் 1.0 விழுக்காடு. இங்கும் பயன் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது டிரைகோமோனாஸ் பற்றிய 2001-ஆம் ஆண்டு ஆய்வு. அறிகுறி இல்லாத பெண்களுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தபோது குறைப்பிரசவம் 19 விழுக்காடாக உயர்ந்தது. கொடுக்காதவர்களில் அது 10.7 விழுக்காடு. இதன் பொருள், அறிகுறியோடு அந்தத் தொற்று வந்தவர்களுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது அல்ல. அவர்களுக்குக் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தொந்தரவு இல்லாத கர்ப்பிணிக்கு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது தீங்கற்ற முன்னெச்சரிக்கை என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். பிரசவ வலி முன்கூட்டியே தொடங்கி, பனிக்குடம் உடையாமல் இருக்கும் பெண்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்த பிரிட்டனின் ஆரக்கிள் ஆய்விலும் பயன் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை ஏழு வயதில் மீண்டும் பார்த்தபோது, மருந்து பெற்ற தாய்மாரின் பிள்ளைகளிடம் பெருமூளை வாதம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், பனிக்குடம் முன்கூட்டியே உடைந்த பெண்களுக்கு எரித்ரோமைசின் நன்மை செய்தது. ஆகவே மருந்து நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை; யாருக்கு, எந்த நிலையில் என்றுதான் கேட்க வேண்டும்.

ஏன் இப்படி என்பதற்கு ஆய்வாளர்கள் சில விளக்கங்களைச் சொல்கிறார்கள். அழற்சி தொடங்கிய பிறகு நுண்ணுயிரைக் கொல்வது காலம் கடந்ததாக இருக்கலாம். மருந்து கெட்டதைக் கொல்கிறதே தவிர நல்லதைக் கொண்டுவந்து குடியேற்றுவதில்லை. அதனால்தான் சில மாதங்களில் இது பலருக்குத் திரும்ப வருகிறது. ஒரே நுண்ணுயிருக்கு ஒவ்வொரு பெண்ணின் உடலும் ஒவ்வொரு விதமாக எதிர்வினை காட்டுகிறது என்பதும் ஒரு விளக்கம்.

சகோதரிக்கு என் பதில் இதுதான்: நாற்றமும் வெள்ளைப்படுதலும் இருப்பதால் உங்களுக்கு மருந்து சரியானதே, தொல்லை தீரும். ஆனால் மாத்திரை முடிந்ததும் குறைப்பிரசவக் கவலையும் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். உங்களுக்குக் கண்காணிப்பு வேண்டியிருப்பது முக்கியமாக முதல் பிரசவத்தின் வரலாற்றால். உங்கள் தங்கைக்கு, அறிகுறி இல்லாத வரை, இந்தப் பரிசோதனை தேவையில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020-இல், கூடுதல் ஆபத்து இல்லாத கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களைப் பற்றி எந்தப் பக்கமும் பரிந்துரைக்க ஆதாரம் போதவில்லை என்றது.

பதில் 3: ஆய்வுக்கூடப் பணியாளர், கோலாலம்பூர்

மருந்தாளர் அண்ணனுக்கு ஒரு மறுப்பு. வியன்னாவில் 4,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் குறிப்பிடவில்லை. அங்கே 15 வாரத்திலிருந்து 20 வாரத்துக்குள் எல்லோரிடமும் மாதிரி எடுத்து, பாக்டீரியல் வஜினோசிஸ், பூஞ்சை, டிரைகோமோனாஸ் மூன்றுக்கும் சிகிச்சை கொடுத்தபோது குறைப்பிரசவம் 5.3 விழுக்காட்டிலிருந்து 3.0 விழுக்காடாகக் குறைந்தது. மலிவான ஒரு மாதிரிப் பரிசோதனையால் இவ்வளவு கிடைக்குமானால் எல்லாத் தாய்மாருக்கும் செய்தால் என்ன என்பதே என் எண்ணம்.

பரிசோதனையே எளிதானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983-இல் ஆம்செல் குழுவினர் வகுத்த முறையில் நான்கு அடையாளங்களைப் பார்க்கிறோம்: சீராகப் பரவும் நீர்த்த வெள்ளை, 4.5-ஐத் தாண்டிய அமில அளவு, ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் எழும் மீன் நாற்றம், நுண்ணோக்கியில் தெரியும் ‘குளூ’ செல்கள். மூன்று இருந்தால் உறுதி. அந்தச் செல்லை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: தெளிவாக இருக்க வேண்டிய ஓரம் முழுக்க நுண்ணுயிர் ஒட்டி, ரவையைத் தூவியது போல் மங்கிக் கிடக்கும்.

பதில் 4: மருந்தாளர், ஜெலுத்தோங்

நல்ல மறுப்பு, அந்த ஆய்வை விட்டிருக்கக் கூடாதுதான் என்று நீங்கள் நினைப்பது நியாயம். நானும் அதை ஒதுக்கவில்லை. ஆனால் அது ஒரு நகரத்தில் நடந்த ஒரு திட்டம். மூன்று தொற்றுகளையும் ஒன்றாக எடுத்துச் சிகிச்சை கொடுத்ததால், பயன் எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தகைய பரிசோதனைத் திட்டங்களைப் பின்னர் மதிப்பிட்ட, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழுவுக்குச் சேர்த்துக்கொள்ளக் கிடைத்ததும் அந்த ஒரே ஆய்வுதான். அதைவிடப் பல மடங்கு பெரிய பிரெஞ்சு ஆய்வு எதிர்த்திசையில் நிற்கும்போது, நாடு முழுவதும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்று நான் துணிய மாட்டேன். மேலும் ஒரு தாளில் ‘நுண்ணுயிர் இருக்கிறது’ என்று அச்சடித்து ஒரு கர்ப்பிணி கையில் கொடுத்த பிறகு, மருந்து வேண்டாம் என்று அவளை இருக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பதை என் கடைக்கு வரும் பெண்களிடம் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்றில் ஐயமில்லை: சிறுநீர்ப் பரிசோதனை. அறிகுறி இல்லாமலே சிறுநீரில் நுண்ணுயிர் பெருகியிருந்தால், அதைக் கர்ப்பத்தில் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். விட்டால் சிறுநீரகம் வரை ஏறலாம். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சிறிய குப்பியைக் கொடுத்தால் சலித்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டு வரும்படி தங்கையிடம் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி

அக்காவுக்கும் அண்ணனுக்கும் கோலாலம்பூர் நண்பருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மாத்திரை முடியும் வரை பொறுத்துப் பார்ப்போம் என்று சம்மதித்திருக்கிறார். தங்கையும் அமைதியாகிவிட்டாள். இன்னும் இரண்டு கேள்விகள். என் கணவரும் மருந்து சாப்பிட வேண்டுமா? அடுத்து நான் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எந்த அறிகுறிக்கு ஓட வேண்டும்? நான் வேலை நேரம் முழுவதும் தீவில் இருக்கிறேன். பதிந்திருக்கும் கிளினிக்கோ இந்தப் பக்கம்.

பதில் 5: மருந்தாளர், ஜெலுத்தோங்

கணவர் பற்றி மட்டும் சுருக்கமாக. இத்தனை காலமும் இந்தக் குலைவுக்கு ஆணுக்குச் சிகிச்சை தேவையில்லை என்றே சொல்லிவந்தோம். 2025-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஆணுக்கும் மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது பெண்ணுக்கு 12 வாரத்துக்குள் அது திரும்பிவருவது 63 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாகக் குறைந்தது. அந்த ஆய்வு அளந்தது திரும்பிவருவதைத்தான், குறைப்பிரசவத்தை அல்ல. உங்களுக்கு மீண்டும் வந்தால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

பதில் 6: ஓய்வுபெற்ற தாதி, புக்கிட் மெர்தாஜம்

தங்கச்சி, அடுத்த சந்திப்பில் முதல் பிள்ளை 32 வாரத்தில் பனிக்குடம் உடைந்து பிறந்ததை நீங்களே முதலில் சொல்லுங்கள். கிளினிக்கில் தரும் இளஞ்சிவப்புக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் என்று விட்டுவிட வேண்டாம். பிறகு, கருப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில் அளக்க மருத்துவமனைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். அதற்குரிய காலம் 16 வாரத்திலிருந்து 24 வாரம் வரை. நீங்கள் இப்போது 17 வாரம் என்பதால் தள்ளிப்போடாமல் கேட்பது நல்லது. நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தோ கருப்பை வாயில் தையலோ போடுவது பற்றி நிபுணர் முடிவு செய்வார். உங்களைப் போன்ற வரலாறு உள்ளவர்களுக்குப் பயன் தெரிந்த வழிகள் இவை.

ஓட வேண்டிய அறிகுறிகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். நீர் கசிவது முதலாவது. சிறுநீர்தானோ என்று ஐயம் வந்தால் மாதவிடாய்ப் பட்டை (பேட்) வைத்து, நேரத்தையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டு, அப்படியே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். இரத்தம், காய்ச்சல், வயிறு இறுகி இறுகித் தளர்வது, விட்டு விட்டு வரும் இடுப்பு வலி, கீழே ஏதோ அழுத்துவது போன்ற கனம் ஆகியவற்றுக்கும் அதே அவசரம். நேரத்தோடு வந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில் பிரசவம் நெருங்கினால் பிள்ளையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுப் பயன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். மிகவும் முந்திய பிரசவமானால் பிள்ளையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் உண்டு.

தீவில் வேலை செய்யும் நாட்களில் அந்த இளஞ்சிவப்புப் புத்தகம் கைப்பையிலேயே இருக்கட்டும். வீட்டு அலமாரியில் வேண்டாம். தொழிற்சாலைத் தாதிக்கும் உங்கள் மேற்பார்வையாளருக்கும் முன்கூட்டியே விவரம் சொல்லி வையுங்கள். வேலை நேரத்தில் நீர் கசிந்தால், பதிந்த இடம் இந்தப் பக்கம் என்பதற்காக மாலை நெரிசலில் பாலத்தைக் கடக்க முயல வேண்டாம். தீவிலேயே அருகிலிருக்கும் மருத்துவமனையின் பிரசவப் பிரிவுக்குப் போய், புத்தகத்தைக் கொடுத்து, முதல் பிரசவம் 32 வாரத்தில் ஆனது என்று சொல்லுங்கள்.